ஆண்டறிக்கை: கென் லோச் படங்களும் நம் குறும்படமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் திரைப்படச் சங்கத்தின் இவ்வாண்டுத் திரையிடல்களை பிரிட்டன் இயக்குநர் கென் லோச்சுக்கு ஒதுக்கினோம். 2006, 2016 என இருமுறை பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையைப் பெற்றும், உழைப்பவர் வீட்டுக் கதையை விட்டு விலகாதவர் அவர்.

கூட்டத்தை அதிக நேரம் பேச வைத்தது 2019-இல் வந்த 'சாரி வி மிஸ்ட் யூ'. வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பார்சல் வேலைக்குச் சேரும் ரிக்கி, வேனுக்கு முன்பணம் கட்ட மனைவியின் காரை விற்கிறான். முதியோரை வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் அவள் அதன்பின் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். வழியில் சிறுநீர் கழிக்க ஒதுங்க நேரம் கிடைக்காது என்று சக ஓட்டுநர் அவன் கையில் காலி பாட்டிலைத் திணிக்கிறார். பெயருக்கு அவன் சொந்தத் தொழில்காரன். வராத நாளுக்குத் தண்டம். ஓசூருக்கு ஒப்பந்த வேலைக்குப் போய்வரும் உறுப்பினர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நியூகாசில் பேச்சு ஆங்கிலம் படித்தவர்களுக்கே பிடிபடாது என்பதால் தமிழ் வசன வரிகளை நாமே தயாரித்தோம்: திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரி, அவை நிற்பது குறைந்தது ஒன்றரை நொடி. முதல் ஒத்திகையில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தன. கோப்பைத் தமிழ் எழுத்துக்களையும் ஏற்கும் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் சேமிக்காததே காரணம். நொடிக்கு 25 பிரேமுக்குச் (அசையாத தனிப்படத்துக்கு) செய்த கோப்பை 24 பிரேம் படத்தில் போட்டால் ஒரு மணி நேரத்தில் வசனம் இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்தி ஓடும். இதையும் சரிபார்த்த பிறகே திரையிட வேண்டும்.

குறும்படப் பயிற்சியில் லோச்சின் முறையைக் கையாண்டோம். கதையின் வரிசையிலேயே படமாக்குவார். நடிகருக்கு வசனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார். நடிப்பில் பலன் நன்றாகவே தெரிந்தது. ஆனால் நம் கதையின் கடைசிக் காட்சி கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் நடப்பது. வரிசைப்படி அங்கே போய்ச் சேர்வதற்குள் சீசன் முடிந்து வாசல் வெறிச்சோடிவிட்டது. பருவத்தை நம்பிய இடம் என்றால் வரிசையை உடைத்தே ஆகவேண்டும்.

நடிகர் கேமராவை மறக்க, அதைத் தள்ளி வைத்து தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் எடுத்தோம். அவ்வளவு தூரத்தில் கேமரா மைக் பயன்படாது, காலர் மைக் கட்டாயம். அதிலும் சேலை உரசும் சத்தம் இரண்டு காட்சிகளைக் கெடுத்தது. மைக்கை இருபுறமும் டேப்பால் துணியோடு ஒட்டிய பிறகு நின்றது. டியூப்லைட் வீட்டில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என வைக்காவிட்டால் படத்தில் வெளிச்சம் துடிக்கலாம்.

மாங்கூழ் ஆலைக் காட்சியை வரும் சீசன் தொடங்கியதும் முதல் வாரத்திலேயே எடுக்கவும், காலர் மைக் இரண்டு வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்