எழிலுக்கு: உன் விளையாட்டின் முதல் ஓராண்டு

அன்பு மகள் எழிலுக்கு,

நீ அனுப்பிய திட்ட வரைவை முழுவதும் படித்தேன். மலைநாட்டில் ஆதரவின்றி வளரும் ஒரு குழந்தையின் வாழ்க்கையை, பத்து வயதிலிருந்து அறுபது வயதுவரை, ஆடுபவரின் தெரிவுகளே வடிவமைக்கும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளையும் ஒரே மூச்சில் எழுத முனையாதே. கதையின் முதல் ஓராண்டை மட்டும், படமும் ஓசையும் இல்லாமல், தொடக்கம் முதல் இறுதிவரை ஆடிப் பார்க்கும்படி முடித்துவிடு.

கணக்கைப் பார். ஒவ்வோர் இடத்திலும் இரண்டே வழிகள் வைத்து, எந்த வழியும் இன்னொன்றோடு சேராமல் எழுதினால், பத்துத் தெரிவுகளுக்குப் பின் 1024 முடிவுகள் வந்து நிற்கும். தொடக்கத்திலிருந்து எண்ணினால் நீ எழுதியிருப்பவை 2047 பகுதிகள், ஒருமுறை ஆடுபவர் படிப்பவையோ பதினொன்றுதான். ஆகவே பிரியும் கிளைகளை இரண்டு மூன்று காட்சிகளுக்குள் ஒன்றுசேர்த்துவிடு. கதை ஒன்றுசேர்ந்தாலும், தெரிவை விளையாட்டு மறந்துவிடக் கூடாது. அதை ஒரு மாறியில், அதாவது நிரல் மதிப்பை நினைவில் வைக்கும் பெயரிட்ட இடத்தில், குறித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் படகோட்டியிடம் கூலி கொடுத்துவிட்டதாகப் பொய் சொல்லும் காட்சி உன் வரைவில் இருக்கிறதே, அதற்குத் தனிக் கிளை தேவையில்லை. முப்பது வயதில் கோட்டை வாசலில் நிற்கும்போது, காவலன் அந்தப் படகோட்டியின் மகனாக இருந்து, "எங்கள் அப்பாவுக்கு நீங்கள் இன்னும் ஒரு காசு தர வேண்டும்" என்று சொன்னால் போதும். அந்த ஒரு வரிக்காகவே பலர் மறுபடியும் முதலிலிருந்து ஆடுவார்கள் என்று நம்புகிறேன்.

ஜப்பானின் கைனாக்ஸ் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட 'பிரின்சஸ் மேக்கர்' விளையாட்டை நீ கட்டாயம் ஆராய வேண்டும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பதினெட்டு வயதுவரை வளர்ப்பதே அதன் ஆட்டம். படிப்பு, வேலை, ஓய்வு என்று அவளுடைய நாட்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறோம், அவற்றால் ஏறி இறங்கும் எண்களிலிருந்தே அவளுடைய எதிர்காலம் முடிவாகிறது. அதற்கு எட்டு ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. நீ ஐம்பது ஆண்டுகளைத் தொட விரும்புவதால், எல்லா வயதுக்கும் ஒரே அளவு காலம் ஒதுக்காதே: சிறுவயதை மாதம் மாதமாகவும், நடுவயதைப் பருவம் பருவமாகவும், முதுமையை ஆண்டுக் கணக்கிலும் நகர்த்தலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. 2009-இல் வெளிவந்த ட்வைன் என்ற கிளைக்கதைக் கருவி இலவசமானது. காட்சிகளைப் பெட்டிகளாகவும் தெரிவுகளை அம்புக்குறிகளாகவும் அதில் பார்க்கலாம். காட்சிகள் பெருகிய பிறகு, இங்கிள் நிறுவனம் 2016-இல் திறமூலமாக வெளியிட்ட இங்க் என்ற கதை எழுதும் நிரல்மொழிக்கு மாறலாம். அது விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியோடு இணையும்.

தமிழில் எழுதப்போவதால் ஒரு சிக்கலை இப்போதே தீர்த்துக்கொள். ஆணா பெண்ணா என்பதையும் பெயரையும் ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்கிறாய். படர்க்கையில் எழுதினால் 'சென்றான்', 'சென்றாள்' என்று ஒவ்வொரு வினைமுற்றுக்கும் இரண்டு வடிவங்கள் வேண்டும். 'நீ சென்றாய்' என்று முன்னிலையில் எழுதினால் அந்தச் சுமையே இல்லை. பெயர் அப்படி எளிதில் தீராது. கயல் 'கயலை' ஆவாள், அமுதா 'அமுதாவை' ஆவாள், மாறன் 'மாறனை' ஆவான். எல்லாப் பெயருக்கும் பின்னால் 'ஐ' என்று நிரல் ஒட்டினால் 'அமுதாஐ' என்று திரையில் வந்து நிற்கும். எனவே பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல், ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல். ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமை வடிவங்களைத் தனித்தனியே சேமித்து வை.

தெரிவுகளைத் தற்போக்காகத் தேர்ந்தெடுத்து ஆயிரம் முறை ஆடிப் பார்க்கும் ஒரு சிறு நிரலையும் கதையின் முதல் ஆண்டை முடிக்கும்போதே எழுதிவிடு. யாருமே போய்ச் சேராத காட்சிகளும், வெளியேற வழியில்லாத காட்சிகளும் அதில் அகப்பட்டுவிடும்; கையால் ஆடிப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பெயர்ப் பட்டியல் ஆனதும் எனக்கு அனுப்பு. வேற்றுமை வடிவங்களை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா