ஆமைத் தொட்டி வெப்ப விளக்குத் தொகுதி தொடர்பான முறைப்பாடு

யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா/அம்மணி,

உங்களிடம் வாங்கிய ஆமைத் தொட்டி விளக்குத் தொகுதி (வெப்பக் குமிழ், புற ஊதாக் குமிழ், ஹோல்டர்) சரியில்லை என்று சொன்னபோது, "குமிழ் எரியுதுதானே, பிறகென்ன பிழை?" என்று உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் கேட்டார்கள். எரிகிறது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இது படிப்பு மேசை விளக்கு அல்ல. சிவப்புக்காது ஆமை ஏறிக் காயும் கல்லை 32 முதல் 35 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். கூடவே ஓடு உறுதிப்படத் தேவையான புற ஊதாக் கதிரையும் கொடுக்க வேண்டும். உங்கள் தொகுதி இந்த இரண்டையும் செய்யவில்லை. போதாக்குறைக்கு, தண்ணீருக்கு மேலே ஆபத்தாகவும் தொங்குகிறது.

முதலில் வெப்பம். 100 வாட் குமிழைக் கல்லுக்கு மேலே 15 சென்ரிமீற்றரில் பொருத்தினால் கல் 35 பாகைக்கு வரும் என்கிறது உங்கள் துண்டுப்பிரசுரம். கீழே சிறிய எழுத்தில் "அறை வெப்பம் 20 பாகை" என்றும் இருக்கிறது. அப்படியென்றால் குமிழ் கூட்டுவது 15 பாகை. யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசியில் பகல் நேரம் அறையே 32 பாகையில் நிற்கும். அதோடு 15ஐக் கூட்டினால் 47. அகச்சிவப்பு வெப்பமானியால் கல்லின் மேற்பரப்பை அளந்தபோது 48 காட்டியது, கணக்கு பிசகவில்லை. (கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியால் இதை அளக்க முடியாது. அது மனித உடல் வெப்பத்தைச் சுற்றித்தான் காட்டும்.)

ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. சூட்டுக்குக் கல்லுக்கும் குளிர்ச்சிக்குத் தண்ணீருக்கும் மாறி மாறிப் போய்த்தான் சமாளிக்கிறது. கல் சுட்டால் ஏறாது. ஏறாவிட்டால் ஓடு காயாது, பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் குமிழின் கீழ் சிறிய தொட்டியின் தண்ணீரும் 31 பாகைக்குப் போய்விட்டது, இருக்க வேண்டியதோ 24 முதல் 27. போக்கிடம் இல்லாத விலங்கு தீனியை விடும். எங்கள் ஊர்ப் பகலுக்கு 25 அல்லது 40 வாட் ஹலஜன் குமிழ், 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரம், இதுவே தாராளம். கடும் வெயில் நாட்களில் வெப்பக் குமிழே வேண்டாம். மார்கழி, தை மாதக் காலை நேரத்துக்குத்தான் அது உண்மையில் உதவும்.

இரவிலும் அணைக்கக் கூடாது என்று பிரசுரம் சொல்கிறது. இது முழுப் பிழை. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு, இவ்வளவுதான். யாழ்ப்பாணத்துப் பகலும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அந்த அளவுதான்.

புற ஊதாக் குமிழின் கதை இன்னும் மோசம். குமிழைத் தொட்டியின் பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்) மூடிக்கு மேலே வைக்கும்படி படம் போட்டிருக்கிறீர்கள். உடலில் விற்றமின் டி3 உருவாகத் தேவையான கதிரைக் கண்ணாடியும் சாதாரண பேர்ஸ்பெக்ஸும் ஏறத்தாழ முழுவதுமாக மறித்துவிடும். வெளிச்சம் மட்டும் கீழே இறங்கும். வாங்கியவர் நீல வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்தியோடு இருப்பார், ஆமையோ கல்சியத்தை உறிஞ்ச முடியாமல் ஓடு மெலிந்து வளையும். யன்னல் கண்ணாடியூடாக வரும் வெயிலுக்கும் இதே குறைதான். குமிழுக்கும் கல்லுக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது, கம்பி வலை இருந்தாலும் கதிரில் ஒரு பங்கு குறையும். ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடத்துக்குள் குமிழை மாற்ற வேண்டும் என்பதும் எழுதப்படவில்லை. கதிர் தீர்ந்த பிறகும் குமிழ் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அடுத்ததை அவசரமாகக் கவனியுங்கள். அலுமினியக் கூட்டின் உள்ளே உள்ள ஹோல்டர் பிளாஸ்ரிக். அதில் "ஆகக்கூடியது 60 வாட்" என்று அச்சிட்டிருக்கிறது. அதே பெட்டிக்குள் நீங்கள் தந்த குமிழ் 100 வாட்! ஹோல்டரின் விளிம்பு ஏற்கெனவே பழுப்பேறி இளகியிருக்கிறது (படம் 2). விளக்கைத் தொட்டி விளிம்பில் பிடித்திருக்கும் கிளிப்பின் பிடியும் சூட்டில் தளர்கிறது. அது வழுக்கினால் விளக்கு நேரே தண்ணீருக்குள் விழும். உலோகக் கூடு, கீழே தண்ணீர், ஆனால் பிளக்கோ இரண்டு முள், புவித்தொடுப்பு இல்லை. மின் கசிந்தால் தானாகவே மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடுகள் இங்கே நிறைய உண்டு. செராமிக் ஹோல்டர், மூன்று கம்பி வயர், சதுர மூன்று முள் பிளக், கிளிப்போடு சேர்த்து மேலே கொழுவச் சங்கிலி: இவை இல்லாமல் இப்படியொரு பொருளை விற்கவே கூடாது.

தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானி கண்ணாடியின் வெப்பத்தைத்தான் காட்டுகிறது. கல் 48இல் இருந்தபோது அது 36 என்றது.

பெட்டியின் படத்தைப் பற்றியும் ஒரு சொல். இலங்கைப் பச்சோந்தி ஒரு கிளையில் இருப்பதுபோல் அச்சிட்டிருக்கிறீர்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. படத்தைப் பார்த்து வடலிக்குள் அதைத் தேடிப் போக எந்தப் பிள்ளைக்கும் எண்ணம் வரக் கூடாது. படத்தை மாற்றுங்கள்.

நான் கேட்பது இவை. தொகுதியைத் திருப்பி எடுத்து முழுப் பணத்தையும் தாருங்கள். இதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்கு, 100 வாட் குமிழை அந்த ஹோல்டரில் போட வேண்டாம் என உடனே அறிவியுங்கள். துண்டுப்பிரசுரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும், 28 முதல் 33 பாகை அறை வெப்பத்துக்குக் கணக்கிட்டுத் திருத்தி அச்சிடுங்கள். பணத்துக்குப் பதிலாக வேறொரு 100 வாட் குமிழ் தருவதாகக் கிளையில் சொன்னார்கள். அது எனக்குத் தேவையில்லை.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும். அதுவரை விளக்கும் ஹோல்டரும் கழற்றியபடியே என்னிடம் இருக்கும். பரிசோதிக்க விரும்பினால் ஆள் அனுப்பலாம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, துண்டுப்பிரசுரத்தின் பிரதி, படங்கள் 4.