ஏறுகிற நட்டெல்லாம் சரியான நட்டு இல்லை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, உன் பழைய காருக்கு வருகிறேன். புது மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பாகம்) பழைய பிரேக் லைன் நட்டு, அதாவது எண்ணெய்க் குழாயை அதில் பூட்டும் வெளிமரை நட்டு, "கொஞ்சம் லூசாக இருந்தாலும் ஏறுகிறது" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏறவே ஏறாத நட்டென்றால் நீயே மாற்றிவிடுவாய். ஏறுகிற தப்பான நட்டுதான் ஆளைக் கவிழ்க்கும்.

நீ சொல்வதைப் பார்த்தால் பழைய நட்டு 3/8 அங்குல ரகமாக இருக்கும். விட்டம் சுமார் 9.5 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. புது சிலிண்டரின் ஓட்டை 10 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளியாக இருக்கலாம். அரை மி.மீ. சின்னது என்பதால் நட்டு உள்ளே போய்விடும், ஆனால் மரை மேலோட்டமாகத்தான் பிடிக்கும். அவசரத்தில் பெடலை ஓங்கி மிதிக்கும்போது லைனுக்குள் அழுத்தம் 70 பாரை (காற்றழுத்தத்தைப் போல சுமார் 70 மடங்கை) தாண்டும். அந்த நேரத்தில் மரை உருவிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். விட்டத்தை வெர்னியரிலும் மரை இடைவெளியைப் பிட்ச் கேஜிலும் அளந்துவிடு. சிலிண்டரில் குழாய் சேரும் ஓட்டைகள், அதாவது முன், பின் போர்ட்டுகள், வேறு வேறு அளவிலும் வரும், இரண்டையும் பார்.

மரை பொருந்தினால் மட்டும் போதாது. கசிவை நிறுத்துவது மரை இல்லை. குழாய் முனையில் விரித்த ஃபிளேர் போர்ட்டின் அடியில் அழுந்தி உட்காருகிற இடம்தான். டெஃப்லான் டேப்புக்கு இங்கே வேலையே கிடையாது. டார்ச் அடித்து உள்ளே பார். நடுவில் கூம்பு வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தால் டபுள் ஃபிளேர், அதற்குக் குழாய் முனை இரட்டையாக மடித்த புனல் போல விரிந்திருக்க வேண்டும். குழிவாக இருந்தால் பபிள் ஃபிளேர், அதற்குக் குழாய் முனை குமிழாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இறுக்க இறுக்க முனை நசுங்குமே தவிர கசிவு நிற்காது.

அளவு மாற்றும் இடைத்துண்டான அடாப்டர் போட்டும் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு அடாப்டரும் கசிவதற்கு இன்னொரு இடம். நானாக இருந்தால் லைன் முனையை வெட்டி, சரியான நட்டைக் கோர்த்து, அப்புறம் புதிதாக ஃபிளேர் அடிப்பேன். லைன் துருப்பிடித்திருந்தால் முழுசாகவே மாற்றிவிடு. செம்பு-நிக்கல் குழாய் கைக்கு நன்றாக வளையும், துருவும் பிடிக்காது. கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கை (ஃபிளேர் இல்லாமல் வளையத்தை இறுக்கிக் குழாயைப் பிடிக்கும் இணைப்பு) மட்டும் யார் சொன்னாலும் பிரேக்கில் போடாதே.

பழைய லைனின் முனையையும் போர்ட்டின் உட்பக்கத்தையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை வண்டியை எடுக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்