கியர் விழாத காருக்கு முன் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். பிரேக் ஆயில் மாற்றினாய், கியர் ஆயில் மாற்றினாய், பேட்டரித் தட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தாய். திங்கள் காலை இன்ஜினை ஓடவிட்டுக் கிளட்சை மிதித்தால் முதல் கியர் விழவில்லை, ரிவர்ஸ் கறகறவென்று கத்துகிறது. "சிங்க்ரோ போயிருக்கும், பாக்ஸை இறக்கணும்" என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கியர்பாக்ஸை இறக்கக் கொடுத்துவிடாதே.

சிங்க்ரோ என்பது கியரும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழல வைத்து, கியர் சத்தமில்லாமல் விழச் செய்யும் வளையம். அது தேய்வது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. முதலில் இரண்டாவது கியரை வேகமாக மாற்றும்போது மட்டும் லேசாக உரசும். பிறகு மெதுவாக மாற்றினாலும் உரசும். சனிக்கிழமை வரை பூப்போல விழுந்த கியர் திங்களன்று விழவில்லை என்றால், இடையில் உன் கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

கருவி எதுவும் எடுக்காமல் ஒரு சோதனை செய். சமதளத்தில் வண்டியை நிறுத்து, ஹேண்ட்பிரேக் போடு, இன்ஜினை அணை. கிளட்சை மிதித்து ஐந்து கியரும் ரிவர்சும் போட்டுப் பார். பல்லும் பல்லும் நேர்க்குநேர் முட்டி ஒன்றிரண்டு முறை விழாமல் போகலாம். வேறொரு கியரைப் போட்டு எடுத்துவிட்டு மறுபடி முயன்றால் விழுந்துவிடும். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாம் விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று பொருள். நீ பெடலை மிதித்த பிறகும், கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்டை இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிங்க்ரோவால் அதை நிறுத்த முடியவில்லை. பல வண்டிகளில் ரிவர்சுக்குச் சிங்க்ரோவே கிடையாது. அதனால்தான் முதலில் கத்துவது ரிவர்ஸ்.

"கிளட்சை நான் தொடவே இல்லையே" என்பாய். தொட்டிருக்கிறாய். ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச்) உள்ள பல கார்களில் கிளட்சுக்குத் தனி டப்பா இல்லை, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே ஒரு ரப்பர் ஹோஸ் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்கு, அதாவது பெடல் தள்ளும் சிலிண்டருக்குப் போகும். அந்த ஹோஸ் டப்பாவின் பக்கவாட்டில், பிரேக்குக்குப் போகும் துளைகளைவிட உயரத்தில் இருக்கும். கிளட்ச் பக்கம் கசிந்து ஆயில் வற்றினாலும் பிரேக்குக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிரேக் ஆயில் மாற்றும்போது சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சினாலோ, பிளீட் செய்யும் (லைனிலிருந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும்) மும்முரத்தில் அளவு இறங்கியதைக் கவனிக்காமல் விட்டாலோ, முதலில் காற்றை விழுங்குவது கிளட்ச் ஹோஸ்தான். பிரேக் கல் மாதிரி இருக்கும், கிளட்ச் மட்டும் தொளதொளத்துப் போகும்.

உறுதி செய்துகொள்ள, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச் பெடலை நான்கைந்து தடவை வேகமாக மிதித்து, கடைசி மிதியில் அப்படியே பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டுப் பார். இப்போது விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது. விழுந்த பிறகு, பிரேக்கையும் மிதித்தபடி, கிளட்ச் பெடலை ஒரு நிமிடம் அசையாமல் பிடித்திரு. முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது. பெடல் தானாக இறங்கி வண்டி முன்னால் நகரத் துடித்தால், காற்றை எடுத்தாலும் தீராது. மாஸ்டர் சிலிண்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டர் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளுவது) சீல் ஆயிலைப் பிடித்து நிறுத்தவில்லை.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத அரை லிட்டர் புட்டி ஒன்று. பிளீடர் (காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) முனையில் இறுக்கமாகப் பிடிக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம். அடியில் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டில். பிளீடர் பெரும்பாலும் கியர்பாக்ஸின் மேல்பக்கம், பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும். டப்பாவை மேல் கோடு வரை நிரப்பு. குழாயின் மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உதவிக்கு நிற்பவர் பெடலை மெதுவாகத் தரைவரை மிதித்துப் பிடிக்கட்டும். நீ பிளீடரைத் திற, குமிழி வரும், மூடு. மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். காற்று இருக்கும்வரை கிளட்ச் பெடல் தானாக மேலே வராது, கையால் இழுத்துவிடச் சொல். ஐந்து மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பார். குமிழியே இல்லாமல் பத்து மிதி வந்தால் போதும். கடைசியில் கிளட்சை மிதித்து ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடு, சத்தம் வரக் கூடாது.

அந்த டப்பாவுக்குள் பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஒரு சொட்டும் போகக் கூடாது. அந்த ரப்பர் சீல்கள் பெட்ரோலிய ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். தவறி ஊற்றியிருந்தால் வண்டியை நகர்த்தவே நகர்த்தாதே, பிரேக்கும் அதே டப்பாதான். பிரேக் ஆயில் பெயின்ட்டையும் தின்னும், சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்று.

இன்ஜின் அணைந்திருக்கும்போதே கியர் விழவில்லை என்றால் கதை வேறு, அப்போது பேட்டரித் தட்டுப் பக்கம் போ. கியர் லீவரிலிருந்து வரும் இரண்டு கேபிள்களும் அதன் அடியிலேயே முடிகின்றன. ஒன்று லீவரின் இடவலம், மற்றது முன்பின். முனைகள் பந்தின் மேல் அழுத்திப் பொருத்தும் கிண்ணம் போன்றவை, தட்டைத் தூக்கும்போது கை இடித்தாலே கழன்றுவிடும். இடவலக் கேபிள் கழன்றால் பெரும்பாலும் 3, 4 மட்டும் கிடைக்கும், ஏனென்றால் ஸ்பிரிங் லீவரை அந்த நடு வரிசையில்தான் நிறுத்தும். முன்பின் கேபிள் கழன்றால் லீவர் கரண்டி மாதிரி சும்மா ஆடும், உள்ளே ஒன்றும் நடக்காது. கட்டைவிரலால் அழுத்தி 'டக்' என்று உட்காருகிறதா பார், கிளிப் இருந்தால் மாட்டு. கேபிளின் நீளம் சரிசெய்யும் பூட்டைத் திறந்துவிட்டிருந்தால், சர்வீஸ் கையேட்டில் சொன்ன நிலையில் லீவரை வைத்துத்தான் மறுபடி பூட்ட வேண்டும். கண்ணளவு உதவாது. அங்கேயே ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச் கனெக்டரையும் பார்த்துவிடு.

இனி கியர் ஆயில். கியர் விழாததற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் இங்கே நடக்கும் தவறுதான் பாக்ஸை நிஜமாகவே கொல்லும்.

என்ன ஊற்றினாய் என்று டப்பாவைப் பார். முன்சக்கர ஓட்டமுள்ள சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் தடிப்பு எண் 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-85, தர வகை ஜிஎல்-4 என்று கையேட்டில் இருக்கும். கடையில் "கியர் ஆயில்" என்று மட்டும் கேட்டால் லாரிக்கும் ஊற்றும் 90 கிடைக்கலாம். அதன் மேல் ஜிஎல்-4 என்றே எழுதியிருந்தாலும் தடிப்பு அதிகம். ஆயில் சூடாகும் வரை முதல் சில கிலோமீட்டரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். ஜிஎல்-5 'எண் கூடியது, அதனால் ஒசத்தி' என்று நினைப்பது தவறு. அது சறுக்கிக் கடிக்கும் ஹைபாய்டு பல்லுள்ள டிஃபரென்ஷியலுக்காக (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பகுதி) கந்தகமும் பாஸ்பரசும் கூட்டிய ஆயில். பித்தளைச் சிங்க்ரோ வளையம் பிடிப்பதே உராய்வால்தான், அந்த உராய்வை அது குறைத்துவிடும், சில கலவைகள் பித்தளையையே அரிக்கவும் செய்யும். தவறான ஆயில் போயிருந்தால் பயப்பட வேண்டாம், சில நாளுக்குள் வடித்துச் சரியானதை ஊற்றினால் பாதிப்பு மிஞ்சாது.

அளவு அடுத்தது. இந்தப் பாக்ஸ்கள் பல 2 லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். நிரப்பும் துளையின் கீழ் உதட்டில் ஆயில் தொட்டு வழியத் தொடங்கும் மட்டம்தான் கணக்கு, அதுவும் வண்டி நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது. முன்பக்கத்தை மட்டும் தூக்கி நிரப்பியிருந்தால் அந்த மட்டம் பொய். நான்கு ஸ்டாண்டிலும் ஏற்றி மறுபடி பார். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. மட்டத் துளையே இல்லாத பாக்ஸும் உண்டு, அங்கே லிட்டர் அளந்துதான் ஊற்ற வேண்டும். குறைந்தால் பல பாக்ஸ்களில் முதலில் காய்வது ஓரத்து மூடிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது கியர். நெடுஞ்சாலையில் ஐந்தில் மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்து. கூடினால் நுரைத்து, பிரீதர் (பாக்ஸின் காற்றுத் துளை) வழியாகவும் ஆக்ஸில் சீல் வழியாகவும் கசியும்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஆயில் போல்ட் என்று நினைத்து வேறு எதையாவது திறந்தாயா? பாக்ஸின் பக்கத்தில் சில போல்ட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் இரும்பு உருண்டையும் இருக்கும். கியரைப் போட்ட இடத்தில் பிடித்து வைப்பவை அவைதான். அதில் ஒன்று விழுந்து தொலைந்திருந்தால் கியர் தானாக நழுவும்.

பழைய ஆயிலைக் கொட்டிவிட்டாயா? இல்லையென்றால் அளவுக் குவளையில் ஊற்றி எத்தனை மில்லி என்று குறித்துக்கொள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. வடித்த ஆயிலில் பொன்னிறத் துகள் மினுங்கினால் சிங்க்ரோ தேய்கிறது. விரலால் எடுக்கிற அளவுக்கு இரும்புச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, அப்போது பட்டறைக்காரர் சொன்னது சரி, நானே இறக்கச் சொல்வேன். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது புது வாஷர் போடு.

இன்ஜின் அணைத்த சோதனையில் என்ன வந்தது, பெடலை அடித்து மிதித்தபோது கியர் விழுந்ததா, வடித்த ஆயில் எத்தனை மில்லி, காந்தத்தில் என்ன நிறம் என்று இன்று இரவே எழுது. அதுவரை சாவியைப் பட்டறையில் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்