மூஃப்தார் தெருவுக்குத் திங்கட்கிழமை போகவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் பாரிஸ் போகும் வன்னிப் பெற்றோருக்கென்று தங்கள் வாரப் பதிப்பில் வந்த குறிப்பு நல்ல முயற்சி. ஆனால் பாரிஸின் மூஃப்தார் சந்தைத் தெருவுக்கு எந்த நாளும் போகலாம் என்று அதில் இருந்தது சரியல்ல. திங்கட்கிழமை பெரும்பாலான உணவுக் கடைகள் பூட்டு. மற்ற நாள்களிலும் மத்தியானம் 1 மணியளவில் பல கடைகள் கதவை இறக்கினால் 4 மணியளவில்தான் திரும்பத் திறக்கும். ஞாயிறு மத்தியானத்தோடு வியாபாரம் முடிந்தது. பிள்ளைகள் தங்கள் வசதிக்கு ஞாயிறு பின்னேரம் கூட்டிப்போனால் கோப்பிக் கடைகளையும் உல்லாசப் பயணிகளையும்தான் பார்த்துவிட்டு வரலாம். செவ்வாய் முதல் சனி வரை காலையில், இல்லையேல் ஞாயிறு காலை 10 மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

பாரிஸின் வடக்குப் புறநகரான லாக்கூர்னெவில் இருப்பவர்களுக்கு வழி சுலபம். 7ஆம் இலக்க மெற்றோ அங்கேயே தொடங்குகிறது, இடையில் மாறத் தேவையில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஏறுபவர்கள் 2ஆம் இலக்கத்தில் அடுத்த தரிப்பான ஸ்தாலின்கிராட்டில் இறங்கி 7 எடுக்க வேண்டும். தெற்கே 7 இரண்டாகப் பிரிவதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது நாம் இறங்கும் தரிப்புக்கு அப்பால்தான் பிரிகிறது. இறங்க வேண்டியது ப்ளாஸ் மோன்ஜில். புதன், வெள்ளி, ஞாயிறு காலைகளில் நிலைய வாசலிலேயே ஒரு சந்தை கூடும். அங்கிருந்து லாசெப்பேத் தெருவால் ஏறினால் மூஃப்தார் தெருவின் மேல் முனையான கோந்த்ரெஸ்கார்ப் சதுக்கம். அந்தச் சிறு ஏற்றத்தைக் களைக்காத காலோடு முடித்துவிட்டால் மிச்சம் எல்லாம் இறக்கம்: தெற்கே சென் மெதார் தேவாலயம் வரை ஏறத்தாழ 600 மீற்றர். முழங்கால் வருத்தமுள்ளவர்கள் கீழிருந்து தொடங்கி, பாரத்தோடு மேலே ஏறிச் சீரழிவதுண்டு. கீழே முடித்தால் சொன்சியே-டோபொந்தோன் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மெற்றோவில் படிகள் அதிகம். எல்லா நிலையங்களிலும் லிஃப்ற் இருக்கும் என்று நம்ப வேண்டாம். தெரு கருங்கல் பதித்தது, மீன்கடை ஐஸ் உருகி ஓடும் இடத்தில் றப்பர் செருப்பு வழுக்கும். மெற்றோவுக்கு ஆளுக்கொரு நவிகோ ஈஸி என்ற பயண அட்டை வேண்டும். வெறும் அட்டையின் விலை 2 யூரோ. ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது.

மூஃப்தார் தெரு ரோமர் காலத்தில் லுத்தேசியாவிலிருந்து (பாரிஸின் பழைய பெயர்) லியோன், இத்தாலிப் பக்கம் போன வீதி. 19ஆம் நூற்றாண்டில் பக்கத்தில் அகலமான மோன்ஜ் தெரு வந்து வாகனங்களை எடுத்துக்கொண்டதால் இது ஒடுக்கமாகவே தப்பியது. 53ஆம் இலக்க வீட்டை 1938இல் இடித்தபோது பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயி காலத் தங்க நாணயங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. (புதையல் தோண்டி அகப்படுகிற நம்மூர்க்காரர் இதை வாசிக்காதிருக்கக் கடவது.)

வாங்குவதில்தான் நம்மவர்கள் முகம் சுளிக்க வைக்கிறார்கள். கிளிநொச்சிச் சந்தையில் கத்தரிக்காயைக் காம்பு பார்த்து, நசித்துத் தெரிவது போல அங்கே தொடக் கூடாது. கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். முதலில் "போன்ஜூர்" சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறும். பேரம் பேசுவதும் இல்லை. விலைப் பலகையில் கிலோ விலையா, ஒன்றின் விலையா, கட்டின் விலையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "லீவ்ர்" என்றால் 500 கிராம். நம் இறாத்தல் 453 கிராம்தான், அந்தக் கணக்கில் மனதுக்குள் பெருக்கினால் பிழைக்கும். மெலன் பழம் கேட்டால் சாப்பிடப்போவது இன்றைக்கா நாளைக்கா என்று பெரும்பாலும் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அதற்கேற்ற பழத்தைத் தெரிந்து தருவார்கள்.

மாட்டிறைச்சி, பன்றி விலக்கியவர்கள் தொத்திறைச்சிக் கடையில் விசாரிக்காமல் வாங்க வேண்டாம். "பெஃப்" மாடு, "போர்" பன்றி, "அன்யோ" செம்மறி, "வொலாய்" கோழி வகை. கம்பியில் சுழலும் கோழிக்குக் கீழ்த் தட்டில் கிடக்கும் உருளைக்கிழங்கையும் சேர்த்துக் கேளுங்கள்: கோழியிலிருந்து சொட்டும் நெய்யிலேயே வேகுவதால் அதற்குத் தனி ருசி. "தெமி" என்றால் பாதிக் கோழி. ஞாயிறுகளில் மத்தியானத்துக்கு முன்னரே முடிந்துவிடலாம். மாம்பழம் வாங்குவது காசுக்குக் கேடு. ஜூனில் செரிப்பழம், செப்ரெம்பரில் அத்திப்பழம் பாருங்கள். மெல்லிய பிளாஸ்ரிக் பை கிடைக்காது, சீலைப் பையோடு போக வேண்டும். சில கடைகள் சிறு தொகைக்கு வங்கி அட்டை எடுக்காததால் சில்லறை யூரோவும் அவசியம்.

சென் மெதார் தேவாலயத்துக்கு முன்னால் ஞாயிறு காலைகளில் அக்கோர்டியனுக்கு ஆடிப்பாடுவார்கள். கூட்டத்தில் நிற்கும்போது காசுப்பையைப் பின்பொக்கெற்றில் வைக்க வேண்டாம்.

இவ்வளவையும் பிரசுரிக்க இடமில்லாவிட்டால், திங்கள் பூட்டு, ஞாயிறு மத்தியானத்தோடு முடிவு என்ற இரண்டையுமாவது அடுத்த பதிப்பில் திருத்திப் போடவும்.

வாசகர்,
பரந்தன்