சித்திரை விடுமுறையில் சோடி சேர்ப்போம்

தரம் 1, 2 பிள்ளைகளின் பெற்றோருக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வீட்டு வேலை ஒன்றும் இல்லையா என்று சிலர் வாசலில் கேட்டீர்கள். இல்லை, வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் பிள்ளையோடு படச் சோடி விளையாடுங்கள்: கவிழ்த்து வைத்த மட்டைகளில் ஒரே படமுள்ள இரண்டைத் தேடிச் சேர்க்கும் விளையாட்டு.

கடையில் வாங்கத் தேவையில்லை. புத்தாண்டு நேரம் கொழும்பில் சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே தாளில் இரண்டு எடுத்து, மாம்பழம், கத்தரிக்காய், பால்மா என்று வெட்டி பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒட்டுங்கள். முதுகுப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூலை மடிந்த மட்டையைப் பிள்ளைகள் உடனே அடையாளம் வைத்துக்கொள்வார்கள். (அதுவும் ஒரு கெட்டித்தனம்தான்.)

கவிழ்த்து வரிசையாக அடுக்கி, ஆளுக்கு இரண்டு மட்டை திறக்க வேண்டும். சோடி சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம்; சேராவிட்டால் அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும். முதலில் 3 சோடி போதும். எடுத்ததும் 20 மட்டையைப் பரப்பினால் ஐந்து வயதுப் பிள்ளை கண்டபடி திறந்துவிட்டு எழுந்து போய்விடும். 6 மட்டை சுலபமான பிறகு 8, அப்புறம் 10.

சின்னப் பிள்ளைகள் பலர் ஞாபகமுள்ள மட்டையைத்தான் ஆசையோடு முதலில் திறப்பார்கள். இரண்டாவதற்குக் குருட்டு அதிர்ஷ்டம்தான். தெரியாததை முதலில் திறந்தால், அதன் சோடி இருக்கும் இடம் ஞாபகத்துக்கு வரலாம். இதைப் பாடமாகச் சொல்ல வேண்டாம். உங்கள் முறை வரும்போது வாய்விட்டு யோசியுங்கள்: "இதை நான் இன்னும் பார்க்கவில்லை, திறப்போம். ஆ, மாம்பழம்! இன்னொன்று ஜன்னல் பக்கம் இருந்ததே." பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

திறக்கும் படத்தின் பெயரைச் சொல்ல வையுங்கள். பழகிய பிறகு ஒன்றுக்குத் தமிழ், மற்றதற்குச் சிங்களம். கத்தரிக்காய்க்கு வம்பட்டு, மாம்பழத்துக்கு அம்ப. தக்காளியும் அன்னாசியும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தெரிந்ததும் சிரிப்பார்கள்.

வேண்டுமென்று தோற்க வேண்டாம். கையில் போனோடு உட்கார்ந்தால் எப்படியும் தோற்பீர்கள். தோற்று அழுகிற பிள்ளையாக இருந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு, இருவரும் ஒரே பக்கமாகச் சேர்ந்து தேடுங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று ஒரு தந்தை கேட்டார். அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். இதில் பழகிய ஞாபகம் அப்படியே கணக்குக்கும் தாவும் என்பதற்குப் பலமான சான்று இல்லை. தன் முறைக்குக் காத்திருப்பதும், பார்த்ததைப் பெயர் சொல்லிப் பேசுவதும் தரம் 1இல் எனக்குப் போதும்.

பாடசாலை தொடங்கும் நாளில் பிள்ளை செய்த ஒரு சோடியைக் கொடுத்துவிடுங்கள். வகுப்புக்குப் பெரிய தொகுதி சேர்க்கிறோம். தயவுசெய்து பால்மா வேண்டாம், போன முறை ஏழு சோடி வந்தது.

அன்புடன்,
தலைமையாசிரியர், ஆரம்பப் பிரிவு