அக்ரிஜென்டோவிலிருந்து அப்பாவுக்கு

பலெர்மோ, சிசிலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள். இங்கே நான் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி குளிர்காலத்தை நல்லபடியாகக் கடந்துவிட்டார். அவருடைய மகள் வந்து தங்கியதால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு ஓய்வு கிடைத்தது. மூத்தவன் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அக்ரிஜென்டோவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தோம். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும். நீங்கள் ஆறுதலாக இருந்து வாசிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பலெர்மோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தீவின் வடகரையிலிருந்து தென்கரைக்குப் போகிறோம். வழியெல்லாம் கோதுமை வயல்களும் மொட்டைக் குன்றுகளும்தான். ஊர் நெருங்கியதும் கடலைப் பார்த்த ஒரு நீண்ட மேட்டில் கோயில்கள் வரிசையாகத் தெரிகின்றன. தேன் நிறக் கல். அந்தக் காலத்தில் கல்லின் மேல் வெள்ளைச் சுதை பூசி வண்ணமும் தீட்டியிருந்தார்களாம்.

கிரேக்கர்கள் இந்த நகரத்துக்கு வைத்த பெயர் அக்ரகாஸ். கி.மு. 580 அளவில் இதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் கிரேக்கத்திலிருந்து நேரே வந்தவர்கள் இல்லை, அப்பா. ரோட்ஸ், கிரீட் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் முதலில் இதே கரையில் கெலா என்ற ஊரை அமைத்தார்கள். நூறு வருடங்களுக்குப் பிறகு அந்த ஊரார்தான் மேற்கே வந்து இதைக் கட்டினார்கள். பாட்டன்மார் விட்டுவந்த தீவுகளைக் கண்ணாலேயே பார்த்திராத பிள்ளைகள், அந்தத் தெய்வங்களுக்கு இவ்வளவு பெரிய கோயில்களை எழுப்பியிருக்கிறார்கள். மூத்தவன் பள்ளியில் படித்ததை இத்தாலிய மொழியில் மடமடவென்று சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்கு அது பாடம். எனக்கோ அவனையும் சின்னவளையும் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதலில் வருவது ஹீரா என்ற பெண் தெய்வத்தின் கோயில். கி.மு. 406இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நாட்டுப் படை இந்த நகரத்தை அழித்தபோது தீப்பட்டுச் சிவந்த கற்களை அங்கே காட்டுகிறார்கள். அதிலிருந்து சரிவில் இறங்கினால் கொன்கோர்டியா கோயில். கி.மு. 440–430 அளவில் கட்டியது. சுற்றியுள்ள 34 தூண்களும் இன்றும் நிற்கின்றன. மற்றவை எல்லாம் விழுந்துகிடக்க இது மட்டும் எப்படித் தப்பியது என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆயர் இதைத் தேவாலயமாக்கினார். தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி, கருவறைச் சுவர்களில் வளைவு வளைவாக வாசல்கள் வெட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இடைச்சுவர்களை எடுத்துவிட்டார்கள். வெட்டிய வளைவுகள் அப்படியே இருக்கின்றன. கட்டியபோது எந்தத் தெய்வத்துக்குக் கட்டினார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் விளக்கேற்ற ஆள் இருந்ததால் கட்டடம் பிழைத்தது. பலெர்மோவில் புனித ரொசாலியாவின் குகைக்கு மலையேறிப் போகும் நம் சைவக் குடும்பங்களை அங்கே நினைத்துக்கொண்டேன். வழிபடுகிறவர் யாராக இருந்தாலும் இடம் காப்பாற்றப்படுகிறது.

என்னை நிறுத்திவைத்தது ஜீயஸின் கோயில். நீளம் 112 மீட்டர், அகலம் 56 மீட்டர். டோரிக் என்ற எளிய தூண் பாணியில் கிரேக்கர் கட்டிய கோயில்களில் இதுவே மிகப் பெரியது. இன்று அது ஒரு கற்குவியல். கி.மு. 480இல் இந்தத் தீவின் வடகரையிலுள்ள இமேராவில் கார்த்தேஜை வென்ற பிறகு, சிறைபிடித்த வீரர்களைக் கொண்டு கல் சுமக்கவைத்துக் கட்டிய காலத்தது. கூரை வேய்ந்து முடிக்குமுன் நகரமே வீழ்ந்துவிட்டது. தூணில் செதுக்கிய பள்ளத்துக்குள் ஓர் ஆள் நிற்கலாம் என்று கி.மு. முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதியிருக்கிறார். தூண்களுக்கு இடையே, கைகளை மடக்கித் தலைக்குப் பின்னால் வைத்துப் பாரம் தாங்கும் ஆண் சிலைகள் இருந்தனவாம். அவற்றில் ஒன்றை அருங்காட்சியகத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். உயரம் ஏழரை மீட்டருக்கும் மேல். முகம் தேய்ந்துவிட்டது. அதன் தோள்களைப் பார்த்தபோது, பெயர் தெரியாமல் கல் சுமந்து செத்துப்போன அந்தக் கைதிகள்தான் கண்ணில் நின்றார்கள். வென்றவர்களின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் எனக்கு மனம் அவர்கள் பக்கமே போகிறது.

பூகம்பம் விழுத்தியது போக, மிஞ்சிய கற்களை 18ஆம் நூற்றாண்டில் வண்டி வண்டியாக எடுத்துப்போய்க் கீழேயுள்ள துறைமுகத்தின் அலைத்தடுப்பைக் கட்டினார்களாம். இவர் அதைச் சொன்னதும் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டுமா? கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய கதையை நீங்கள் எத்தனை மாலைகளில் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே அதைச் சொன்னேன். சின்னவள் உடனே, "அம்மா, அந்தக் கற்கள் இன்னும் கோட்டையில் இருக்கின்றனவா?" என்று கேட்டாள்.

அந்தத் துறைமுக ஊருக்கு இப்போது போர்ட்டோ எம்பெடோக்லே என்று பெயர். மண், நீர், தீ, காற்று இவற்றால் ஆனதே உலகம் என்று சொன்ன எம்பெடோகிளிஸ் அக்ரகாஸில் பிறந்தவர். நம் ஐம்பூதத்தில் ஆகாயத்தை மட்டும் அவர் சேர்க்கவில்லை. உங்களுக்கு இது பிடிக்கும்.

மாலையில் கோயில்களுக்கு அருகே உள்ள கொலிம்பெத்ரா தோட்டத்தில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். தோடை மரங்களுக்கு இன்றும் கிரேக்கர் காலத்துச் சுரங்கக் கால்வாய்களின் நீர் வருகிறது.

ஆடி மாதம் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வர முயற்சி செய்கிறோம். இவருக்கு லீவு கிடைப்பதுதான் சந்தேகம், நான் எப்படியும் வருவேன். கோட்டை வாசலில் இருக்கும் இரட்டை மீன் சின்னத்தையும் கல்வெட்டையும் பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும். மூத்தவனுக்கு இப்போது தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறது. வாசலில் உள்ளதை அவனே வாசிக்கட்டும், பொருளை நீங்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு எங்கள் அன்பு.

உங்கள் அன்பு மகள்